அரைத் தாங்கி

பஞ்சிகாவத்தையில்
கழற்றிய கதவுகள் சுவரோடு சாய்ந்துகிடக்கும் சந்துக்குள் நின்று
யாமினி அனுப்பிய குரல்பதிவைக் கேட்கிறேன்.
சஸ்காட்சுவானில் இருந்து பேசுகிறாள்.
அவளைவிடக் காற்றுத்தான் கூடப் பேசுகிறது.

"லைசென்ஸ் எடுத்திட்டியா மச்சாள்?
இங்க பஸ் எண்டு ஒண்டும் இல்லை.
பாண் வாங்கவும் நாப்பது கிலோமீற்றர்."

நாற்பது கிலோமீற்றர் போனால்
நீர்கொழும்பு தாண்டி மீன் வாடையே மாறிவிடும்.
கொட்டாஞ்சேனையில் பாண்
பாட்டுப் போட்டபடி மூன்று சில்லில் வாசலுக்கு வருகிறது.

அவள் சொல்வதையெல்லாம்
மகளின் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

குளிர் நாளில் இரவிரவாகக் காருக்கு வயர் குத்த வேண்டும்.
பெற்றோல் கார்தான், ஆனாலும்.
எஞ்சின் விறைக்காமல் இருக்க.
முன் பற்களுக்கு நடுவில் வயர் தொங்கிக்கொண்டிருக்குமாம்.

ஊதா நிற டீசல் வயற்காரருக்கு மட்டும்.
அதை விட்டு வீதியில் ஓடினால் தண்டம்.

காருக்குள் கம்பளி, ஒரு சவள்,
மெழுகுதிரி. அந்தோனியாருக்கு இல்லை, விரல்களுக்கு.
வழியில் நின்றுபோனால் இறங்கி நடக்காதே.

தாங்கி அரைவாசிக்குக் கீழே போக விடாதே.

இந்த ஒரு வரிக்கு மட்டும் இரண்டு தரம் கோடு இழுத்தேன்.

அரைவாசி!
அந்த வருசம் ஆமர் வீதியில்
மூன்று இரவு ஓட்டோவைத் தள்ளினோம்.
ஸ்டார்ட் பண்ணினால் இருக்கிற சொட்டும் போய்விடும் என்று
கைகளாலேயே தள்ளினோம்.
பகலில் ரெஜினோல்ட் காவல், இரவில் நான்.
பின் சீட்டில் மகள் ஏழாம் வாய்ப்பாடு சொன்னாள்,
ஏழெட்டில் எப்போதும் தடுக்கியபடி.
முன்னால் நின்ற வேன்காரர் உபாலி
தன் பாயைச் சொல்லாமலே விரித்துத் தந்தார்.
வாரத்துக்கு ஐந்து லீற்றர்.
நற்கருணைக்கு நாக்கை நீட்டுவதுபோல்
கைப்பேசியின் கறுப்புவெள்ளைக் கட்டத்தை நீட்டினோம்.

இப்போது நானே வண்டி ஓட்டப் பழகுகிறேன்.
மோதறையில், எல் பலகை கட்டிய வெள்ளைக் காரில்.
இரண்டாம் கியர் வரைக்கும் நன்றாக வருகிறது.
மூன்றாவதைப் போட இந்த வீதிகளில் இடமில்லை.
தள்ளுவண்டிக்கும் நாய்க்கும்
தேர்போல் அசையும் கொள்கலன் லொறிக்கும் ஒதுங்கத் தெரியும்.
ஒரு மணித்தியாலம் எதிரே எவரும் வராத வீதியில்
எதற்கு ஒதுங்கி ஓடுவது?
மாஸ்டரிடம் கேட்டேன். கிளச்சைப் பார் என்றார்.

ஞாயிறு ஓட்டோவை வாங்க ஆள் வருகிறது.
அதற்குத்தான் இந்தப் பக்கக் கண்ணாடி.

கட்டிலுக்கடியில் இரண்டு சோடாப் போத்தலில்
அந்த வருசத்துப் பெற்றோல் இன்னும் இருக்கிறது.
பழசாகிவிட்டது, எஞ்சினுக்கு விட்டால் எஞ்சின் போய்விடும் என்று
மெக்கானிக் சொல்லியும்
ரெஜினோல்ட் மூடியைத் திறந்து மணந்துவிட்டு
திரும்பவும் இறுக்கி மூடுகிறார்.
கானுக்குள் ஊற்ற முடியாது.
இருபத்துமூன்று கிலோப் பெட்டிக்குள்ளும் வைக்க முடியாது.

எல்லாம் கேட்டு முடித்து
யாமினிக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன்:
அங்க பெற்றோல் அடிக்க எங்களுக்கு எந்த நாள்?
எங்கட நம்பர் ஒற்றையில முடியுது.

அனுப்பிய பிறகுதான் வெட்கம் வந்தது.
விற்கப்போகும் வண்டியின் நம்பர் அது.

பதில் வந்தது. முதலில் காற்று.
பிறகு அவள், சிரிக்காமல்:
"எந்த நாளும்."

நஸ்ருதீன் நானா கண்ணாடியைத் துடைத்து
முந்நூறு ரூபா குறைத்துத் தந்தார்.
வலப்பக்கத்துக் கண்ணாடி.
நான் கேட்டது இடப்பக்கம்.